மருத்துவரின் ஏட்டில் ஒரு வரி

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் ஒன்றுகூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள பெருமாள் கோயிற் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்தில், அதாவது 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டொன்று காணப்படுகின்றது. 15 படுக்கைகளைக் கொண்ட ஆதுலர் சாலை ஒன்று அங்கே நடைபெற்றதை அது அறிவிக்கின்றது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோருக்கு அளிக்க வேண்டிய நெல்லும் காசும், ஓராண்டுக்கெனச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன.

நோய் தீர்க்க முனைந்தோர் எக்காலத்திலும் எழுதி வைப்பதில் கருத்தூன்றினர். அக்கல்வெட்டுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே, ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக விளங்கிய அபூபக்ர் அர்ராஸி, தம்மிடம் வந்த நோயாளர்களின் நிலையைக் குறித்து வைத்தார். அவர் திரட்டிய நூற்குறிப்புகளும் நோயாளர் குறிப்புகளும் அவர் மறைந்தபின் ‘அல்ஹாவி’ என்னும் பெருநூலாகத் தொகுக்கப்பட்டன.

இன்றைய மருத்துவமனைகளிலும் பெயர், வயது, எடை, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு ஒரு கேள்வி கேட்கப்படுகின்றது: “புகைப்பதுண்டா?” எளிய கேள்விதான். எனினும் நம் குடும்பங்களில் இதற்கு நேரான விடை கிடைப்பது அரிதாயிருக்கின்றது. அத்தாவுக்குத் துணையாக மகன் வந்து நிற்கிறான். மருமகள் மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருக்கிறாள். அறுபது வயதைக் கடந்த பெரியவர் தலை குனிந்தவாறு “இல்லை” என்கிறார். அவருடைய விரலிடுக்கின் கறை வேறொன்று கூறுகின்றது. மருத்துவரோ சொன்னதைத்தான் எழுதுகிறார். அந்த “இல்லை” ஏட்டில் ஏறி விடுகின்றது. வேறு சிலர் “சிகரெட் பிடிப்பதில்லை” என்பர். பீடியைப் பற்றி வாய் திறவார். இன்னும் சிலர் “விட்டுவிட்டேன்” என்பர். விட்டது முந்தாநாள் என்பதைக் கூறார்.

இவ்வொரு சொல்லால் விளையும் கேடு சிறிதன்று. புகைப்பவருக்கு மயக்க மருந்து கொடுக்குமுன் நுரையீரலின் பொருட்டுத் தனி முன்னேற்பாடு வேண்டும். அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பே புகையை நிறுத்தச் சொல்ல வேண்டும். புண் ஆறுவதில் தாமதம் நேரும் என்பதையும் எதிர்நோக்க வேண்டும். புகைப்பவர் ‘வழக்கமான இருமல்தானே’ என்று தள்ளிவிடும் இருமலுக்குப் பின்னே காசநோயோ புற்றுநோயோ பதுங்கியிருக்கலாம். ஆதலின் எத்தனை ஆண்டு, நாளொன்றுக்கு எத்தனை என்று மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். நாள்தோறும் 20 சிகரெட் வீதம் ஓராண்டு புகைத்தால் ஓர் அலகு; நாளொன்றுக்குப் பத்து வீதம் 30 ஆண்டு புகைத்தவருக்கு 15 அலகு. உலக சுகாதார நிறுவனம் வகுத்த நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் புகையிலைப் பழக்கத்திற்கென்றே ‘இசட் 72.0’ என்னும் குறியீடு உண்டு. நோய் தோன்றுமுன்னரே எழுதப்படும் எச்சரிக்கை அது.

புகையின் தீங்கு உலகுக்குத் தெரிந்ததே இத்தகைய பதிவுகளால்தான். லண்டன் மருத்துவமனைகளில் இருந்த நோயாளர்களின் புகைப்பழக்கத்தைக் கேட்டெழுதி ஒப்புநோக்கிய ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் ஆகிய இருவரும், நுரையீரற் புற்றுநோய்க்கும் புகைக்கும் உள்ள தொடர்பை 1950-இல் வெளியிட்டனர். பின்னர் பிரிட்டிஷ் மருத்துவர்களையே 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தனர். தொடர்ந்து புகைப்பவர் சராசரியாகப் பத்தாண்டு ஆயுளை இழக்கின்றார் என்பது 2004-இல் வெளிவந்த முடிவாகும்.

நம் தமிழகத்திலும் இத்தகைய ஆய்வு நடந்தது. மருத்துவர் கஜலட்சுமியும் அவருடன் ரிச்சர்ட் பீட்டோ முதலியோரும், சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் இறந்துபோன 43,000 ஆடவரைப் பற்றி ஆராய்ந்தனர். இறந்தவர் புகைத்தவரா என்பதை வீடு வீடாகச் சென்று குடும்பத்தாரிடம் கேட்டறிய வேண்டியிருந்தது. உயிரோடிருந்தபோது ஏட்டில் ஏறாத செய்தியை, இறந்தபின் மனைவி மக்கள் கூறக் கேட்டெழுதினர். ஆய்வு 2003-இல் வெளியாயிற்று. புகைப்பவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகையாதவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்றும், நடுவயது ஆடவரின் காசநோய் மரணங்களில் ஏறத்தாழப் பாதிக்குப் புகையே காரணம் என்றும் அது காட்டிற்று. பீடி எளியது என்று எண்ணுவோருக்கு ஒன்று கூறுவோம்: பீடி புகைக்கும் ஆடவர் ஏறத்தாழ 6 ஆண்டு ஆயுளை இழக்கின்றனர் என்பது 2008-இல் வெளிவந்த அகில இந்திய ஆய்வின் முடிவு.

சான்றுகள் தெளிவடையாத காலத்தில் மார்க்க அறிஞர் பலர் புகைத்தலை மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்தினர். தீங்கு ஐயத்திற்கிடமின்றி வெளிப்பட்டபின், அதனை ஹராம் என்றே தீர்ப்பளித்தோர் பலராவர். மருத்துவரின் ஏடு மார்க்கத் தீர்ப்புக்கும் சான்றாயிற்று.

“தன் குறையைப் பிறர்முன் கூறலாகாது என்பதுதானே மார்க்கம்?” என்று பெரியவர் கேட்கக்கூடும். பாவத்தைப் பறைசாற்றுவது வேறு. நோய்க்கு மருந்து தேடுவது வேறு. மருத்துவர் கேட்ட செய்தியைக் காக்கக் கடமைப்பட்டவர். உடல் நமக்குச் சொந்தமன்று. இறைவன் ஒப்படைத்த அமானிதம். அதனைச் செப்பனிட வந்தவரிடம் பொய்யுரைத்தால், அமானிதத்தில் மோசடி செய்தவராவோம். நம் தோள்களின்மேல் இருந்து எழுதும் வானவர்களின் ஏட்டில் பிழை ஏற வழியில்லை. மருத்துவரின் ஏடோ நம் நாவை நம்பி நிற்கின்றது.

குடும்பத்தாருக்கும் இதில் பொறுப்புண்டு. தந்தை உண்மை கூறத் தயங்குகின்றார் எனின், மகன் சற்று வெளியே நிற்பதே பண்பாகும். உண்மை வெளிப்பட்டபின் வீட்டிற்கு வந்து ஏசினால், அடுத்த முறை அவர் மீண்டும் “இல்லை” என்றே கூறுவார். புகைப்பவரோடு ஒரே அறையில் வாழும் மனைவியும், வேலூர், குடியாத்தம், மேலப்பாளையம் முதலிய ஊர்களில் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றும் சகோதரிகளும் அதனை மருத்துவரிடம் கூறுவது நலம். வீட்டுப் புகையும் புகையிலைத் தூளும் அவர்தம் நெஞ்சையும் தொடுகின்றன.

ஏட்டில் ஏறிய வரி மாறாத வரியன்று. 60 வயதில் விட்டவரும் ஏறத்தாழ மூன்றாண்டு ஆயுளைத் திரும்பப் பெறுகின்றார்; 40 வயதில் விட்டவர் ஒன்பதாண்டு பெறுகின்றார் என்பதையும் அதே பிரிட்டிஷ் ஆய்வு காட்டிற்று. ரமலானில் ஸஹர் முதல் மஃரிப் வரை ஒரு துளிப் புகையுமின்றி முப்பது நாள் இருந்தவர், தம்மால் இயலாது என்று கூறுவதெப்படி? இஃப்தாருக்குப் பின் தீப்பெட்டியைத் தேடும் கையைத் தடுக்கத் துணை வேண்டுமாயின், 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் நாடெங்கும் உண்டு.

அடுத்த முறை மருத்துவர் கேட்கும்போது உண்மையைக் கூறுவோம். அதற்கடுத்த முறை, “விட்டு ஓராண்டாயிற்று” என்று எழுதச் சொல்வோம். அதற்கான நல்லுள்ளத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!