ஆடிக் காற்றின் பழி எம்-சாண்ட் தலையில்

வள்ளியூரில் வீடு கட்ட வானம் தோண்டினால் போதும், தெருவில் போகிறவர்கள் நின்று கேட்கும் முதல் கேள்வி, "மணல் எது போடுதிய?" எம்-சாண்ட், அதாவது பாறையை உடைத்துச் செய்த மணல், என்று சொன்னால் முகம் சுண்டிப்போகும். "ஆத்து மணல் மாதிரி வருமா? எம்-சாண்டுல கெட்டுனா வெடிக்கும்லா!" பணகுடியிலும் ராதாபுரத்திலும் இதே பேச்சுதான். இதை நம்பி, எங்கிருந்து அள்ளியது என்றே தெரியாத மணலை ராத்திரியில் இறக்கி, கேட்ட விலையைக் கொடுத்தவர்கள் என் சொந்தத்திலேயே உண்டு. வாழ்நாள் சேமிப்பை ஒரு வதந்திக்குக் கொடுக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த வெடிப்பு. எங்கள் வீட்டில் கீழ்த்தளத்துக்குக் கான்கிரீட் போட்டது ஆடி மாதம், மாடிக்குப் போட்டது கார்த்திகையில். கொத்தனார் ஒருவரே. சிமெண்ட் ஒன்றே. எம்-சாண்ட் வந்ததும் ஒரே கிரஷரிலிருந்து. ஆடியில் போட்டபோது, தெற்குக் கோடியில் சட்டி கைமாறிக்கொண்டிருக்கும்போதே வடக்குப் பக்கம் வெளிறிவிட்டது. காலை பதினோரு மணி இருக்கும். குனிந்து பார்த்தால் தலைமுடி கனத்தில் கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளத்தில், ஏறக்குறைய ஒரே சாய்வில். "எம்-சாண்டு வேலையக் காட்டிட்டு, பாத்தியளா அண்ணாச்சி" என்றார் கொத்தனார். கார்த்திகையில் போட்ட தளத்தில் தேடினாலும் ஒரு கோடு இல்லை.

மணல் மாறவில்லை, காற்றுதான் மாறியிருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று வந்து மோதும் இடத்தில் இருக்கிறது நம் ஊர். முப்பந்தலிலிருந்து இங்கே வரை காற்றாலைகளை நட்டிருப்பதே அந்தக் காற்றை நம்பித்தான். கான்கிரீட் போட்டதும் உள்ளிருக்கும் தண்ணீரில் கொஞ்சம் மேலே ஊறி வரும். ஊறுவதைவிட வேகமாகக் காற்று அதை உறிஞ்சினால் மேல்தோல் மட்டும் சுருங்கும். இன்னும் இறுகாத பச்சைக் கான்கிரீட்டுக்கு அந்த இழுப்பைத் தாங்கும் பலம் கிடையாது, கீறிக்கொள்ளும். ஆற்று மணலில் போட்டிருந்தாலும் அந்தக் காற்றில் கீறியிருக்கும். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: எம்-சாண்டில் கல்மாவு அதிகமானால் தண்ணீர் மேலே ஊறுவது குறையும், அதனால் காற்றுக்கு இன்னும் சீக்கிரம் காயும். அப்படியானால் கூடுதல் கவனம் வேண்டும், அவ்வளவுதான்.

சுவர் வெடிப்புகளுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக வெடித்தால், அங்கே கம்பிவலை அடிக்காமல் பூசியிருக்கிறார்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடினால் அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டும், கரிசல் மண் உள்ள மனையாக இருந்தால் கட்டாயம். மின்குழாய் போன வழியே வெடித்தால் காடியைச் சரியாக அடைக்கவில்லை. வெடிப்பு ஓடும் திசையே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும்.

"எங்க தாத்தா கெட்டுன வீடு நூறு வருஷமா நிக்கி, எல்லாம் ஆத்து மணல்" என்பார்கள். நிற்பது உண்மைதான். அந்தச் சுவர் ஒன்றரை அடி, இரண்டடி கனம். கட்டியது சுண்ணாம்புக் காரையில். மேலே பனங்கையும் ஓடும், அல்லது தேக்கு உத்தரம். சுண்ணாம்பு மெதுவாக இறுகும், சுவர் லேசாக அசைந்தாலும் நெகிழ்ந்துகொடுக்கும். துருப்பிடிக்க உள்ளே கம்பியே கிடையாது. சிமெண்டும் கம்பியும் வைத்து ஒன்பது அங்குலச் சுவரில் ஆறு மாதத்தில் கட்டி முடிக்கும் வீட்டை அதோடு ஒப்பிட்டு, வித்தியாசம் முழுவதையும் மணல் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

கொத்தனார்களின் குறை வேறு: கை ஓடவில்லை. இதில் உண்மை இருக்கிறது. ஆறு உருட்டித் தந்த மணல் உருண்டை, கரண்டிக்கு வழுக்கிக்கொண்டு போகும். உடைத்த கல் முனையுள்ளது, இழுக்கும். கரண்டி இழுத்தால் கையாள் உடனே ஒரு குடம் தண்ணீரை ஊற்றுகிறார். கெடுதல் நடக்கும் இடம் அதுதான். 50 கிலோ சிமெண்ட் மூடைக்குத் தண்ணீர் 25 லிட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டும் ஒவ்வொரு குடமும் கான்கிரீட்டின் பலத்தைக் குறைக்கிறது. இளக்கம் வேண்டுமென்றால் பிளாஸ்டிசைசர் என்று கடையில் கேட்டு வாங்கி, டப்பாவில் சொன்ன அளவு ஊற்றுங்கள். பூச்சுக்குத் தளத்துக்குப் போட்ட எம்-சாண்டையே கொடுத்தால் கை ஓடாதுதான். அதற்கென்று சலித்த பி-சாண்ட் தனியாக விற்கிறது.

காசு கொடுத்தால் ஆற்று மணல் வரும் என்பது அடுத்தது. எந்த ஆற்றிலிருந்து? தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்து, ஸ்ரீவைகுண்டத்துக்காரரான கம்யூனிஸ்ட் தலைவர் இரா. நல்லகண்ணு தாமே நின்று வாதாடினார். 2010-ல் நீதிமன்றம் தடை விதித்தது. அந்த மணல் சும்மா கிடக்கும் மணல் இல்லை. குறுக்குத்துறையிலும் சுத்தமல்லியிலும் ஆற்றுக்குள் இருக்கும் உறைகிணறுகளில் தண்ணீர் ஊறுவது மணல் வழியாகத்தான். அதுவே வடிகட்டி, அதுவே தொட்டி. மணல் போனால் திருநெல்வேலிக்காரர்களின் குழாய் காற்று விடும்.

ஆகவே "ஆத்து மணல்" என்று ராத்திரியில் இறங்குவது பெரும்பாலும் ஓடை மணல், குளத்து மணல், களி கலந்த சவுடு. கடற்கரைப் பக்கத்து மணலாக இருந்தால் இன்னும் மோசம். உப்பு கம்பியை அரிக்கும், துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், கேட்டதும் கான்கிரீட்டைப் பிளக்கும். காரை விழுந்து கம்பி தெரியும் மச்சுகளைக் கூடங்குளம், உவரிப் பக்கம் பார்க்கலாம். போர் தண்ணீருக்கும் இதே எச்சரிக்கைதான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டரில் 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது இந்தியத் தர விதி. உவர் பிடித்த ஊர்களில் வானம் தோண்டும் முன்பே தண்ணீரைச் சோதித்துவிடுங்கள்.

"எம்-சாண்ட்னு கிரஷர் டஸ்ட்டத்தான் குடுக்கான்" என்ற புகாரை மட்டும் என்னால் மறுக்க முடியாது. நடக்கிறது. ஜல்லி உடைக்கும்போது மிஞ்சுகிற தூளை அப்படியே ஏற்றி அனுப்புகிறார்கள். ஆனால் அது விற்கிறவரின் குற்றம், பொருளின் குற்றம் இல்லை. ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரநிலை, 2016 திருத்தத்தின்படி, உடைத்த மணலில் 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் மாவு நூற்றுக்கு 15 வரை இருக்கலாம் என்கிறது. பொதுப்பணித் துறையின் சான்று பெற்ற ஆலையா என்று கேளுங்கள். லோடு இறக்கும் முன் ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டு விரியுங்கள். உள்ளங்கையில் சாம்பல் மாதிரி அப்பிக்கொண்டால் வண்டியைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. சந்தேகம் தீரவில்லையா, சிவில் துறை உள்ள பொறியியல் கல்லூரியில் ஒரு பை கொடுத்தால் கட்டணத்துக்குச் சலித்துப் பார்த்துச் சொல்வார்கள். ராதாபுரம் வட்டத்துக் குவாரிகளில் உடைக்கிற எம்-சாண்ட் லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகிறது. அந்த மழைக்கும் ஈரத்துக்கும் நடுவில் அங்கே வீடுகள் நின்றுகொண்டுதான் இருக்கின்றன.

குவாரிகளைப் பற்றியும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2022 மே மாதம் திருநெல்வேலியை அடுத்த அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆற்றைக் காப்பாற்றுகிறோம் என்று மலையைத் தின்கிறோம் என்ற வருத்தம் எனக்கும் உண்டு. அதற்கு ஆற்று மணலுக்குத் திரும்புவது பதில் ஆகாது. தேவைக்கு மேல் ஒரு அறை, யாரும் ஏறாத ஒரு மாடி, இவற்றை வரைபடத்திலேயே அடித்துவிட்டால் ஆற்றுக்கும் மலைக்கும் சேர்த்து மிச்சம்.

ஆனியிலிருந்து ஆவணி வரை தளம் போடாமல் தள்ள முடிந்தால் தள்ளுங்கள். முடியாவிட்டால் விடியும்போதே தொடங்கி, காற்று ஏறும் முன் முடிக்கப் பாருங்கள். சென்ட்ரிங் பலகையையும் கம்பியையும் முதலில் நனையுங்கள். மேற்குப் பக்கம் ஆள் உயரத்துக்குத் தார்ப்பாய் கட்டுங்கள். மட்டம் அடித்த இடத்தை அப்போதைக்கப்போது பிளாஸ்டிக் தாளால் மூடிக்கொண்டே வாருங்கள். தலைமுடிக் கோடு தெரிந்துவிட்டால், இறுகும் முன் மட்டப்பலகையால் மறுபடி தேய்த்தால் மூடிக்கொள்ளும். இறுகியதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட், அதற்குப் பத்து நாள் குறைந்தபட்சம், பதினான்கு நாள் நல்லது. பாத்தியில் தண்ணீர் நிற்கிறதா என்று மத்தியானம் இரண்டு மணிக்கு ஏறிப் பாருங்கள். காலையில் ரொப்பியது அதற்குள் காய்ந்திருக்கும்.