கீழ்பென்னாத்தூருக்கும் ஒரு திரை

கீழ்பென்னாத்தூர் போன்ற பேரூராட்சிகளிலும் மாதம் ஒரு மாலை ஆவணப்படமோ நல்ல கதைப்படமோ திரையிடப்பட வேண்டும். பணத்துக்கு எங்கே போவது என்பவர்கள் கேரளத்தைப் பார்க்கலாம். மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984இல் தொடங்கிய ஒடேசா இயக்கம் ஊர் ஊராகச் சாப்ளின் படம் காட்டி, மக்கள் போட்ட காசில் ‘அம்ம அறியான்’ படத்தையே எடுத்து முடித்தது. நமக்கு ஒரு புரொஜெக்டரும் வெள்ளை வேட்டியும் போதும். எல்லாம்தான் கைப்பேசியில் கிடைக்கிறதே என்பது அடுத்த ஆட்சேபம். கிடைக்கிறதுதான், கையால் மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றிய திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் 2017இல் யூடியூபிலேயே வந்தது. ஆனால், மலக்குழி மரணத்தைத் தனியே பார்ப்பவர் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடலாம். துப்புரவுத் தொழிலாளியும் வார்டு உறுப்பினரும் அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்து பார்த்தால், விளக்கு எரிந்ததும் கேள்வி எழும். அப்படத்தின் திரையிடல்களுக்குப் போலீஸ் அனுமதி மறுத்ததும் இந்தக் கேள்விகளுக்குப் பயந்துதானோ என்னவோ! பேரூராட்சி மாதம் ஒருநாள் வாடகையில்லாமல் ஒரு கூடம் தரட்டும்.