அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

போன மாதம் பூவன் தார் வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். அம்மாவுக்கு வாயெல்லாம் புண். மோர் சோறுகூட இறங்கவில்லை. "சூடுப்பா, மணத்தக்காளிக் கீரை வாங்கிட்டு வா" என்றார். நானும் அதையே நம்பினேன். பிரஷர் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் நர்ஸ் பெண்தான் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதைத் தினமுமா கொடுக்குறீங்க?" என்று கேட்டது.

"ஆமாம்மா, கடையில அப்படித்தான் எழுதிக் கொடுத்தாங்க."

"ஐயோ, இது வாரத்துக்கு ஒரு நாள் போடுறதுண்ணே. உடனே நிறுத்துங்க. ரத்தம் டெஸ்ட் பண்ணணும், இப்பவே கிளம்புங்க."

அது மெத்தோட்ரெக்ஸேட். மூட்டு வீங்கும் முடக்குவாதத்துக்குக் குறைந்த அளவில், வாரத்துக்கு ஒரே நாள் தருவது. தினமும் போட்டால் வாய்ப்புண்ணில் ஆரம்பித்து, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே உலை வைக்கும். பல நாடுகளில் இந்த மாத்திரையில் இதே தப்பு நடந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அம்மா திருச்சியில் ஐந்து நாள் படுக்கையில் இருந்து தப்பித்து வந்தார்.

டாக்டர் எழுதியது திருச்சியில், மருந்து வாங்கியது ஸ்ரீரங்கத்தில். சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வாரம் ஒருமுறை என்பதற்கு இங்கிலீஷில் இரண்டு எழுத்து. தினம் ஒருமுறை என்பதற்கும் இரண்டு எழுத்து. முதல் எழுத்து ஒன்றேதான். இரண்டாவது ஒரு சுழி. கடைக்காரப் பையன் சுழியைத் தினம் என்று படித்திருக்கிறான். அவனை மட்டும் திட்ட எனக்கு மனசு வரவில்லை. சாயங்காலம் புத்தூர், தில்லைநகர் பக்கம் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு கிளினிக் வாசலிலும் டோக்கனோடு கூட்டம் நிற்கிறது. அந்த வேகத்தில் யார் எழுதினாலும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். என் தார் கணக்கு நோட்டை என்னாலேயே படிக்க முடியாது. ஆனால் அதைப் படிக்க முடியாவிட்டால் யாரும் சாகப்போவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. மருந்தின் மூலப்பெயரைப் படிக்கும்படியாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுதவேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சில் 2016 செப்டம்பரிலேயே விதியைத் திருத்திவிட்டது. 2025 ஆகஸ்டில் பஞ்சாப் ஹரியானா உயர்நீதிமன்றம், புரியும்படியான மருந்துச்சீட்டு என்பது வாழும் உரிமையில் சேர்ந்தது என்றே சொல்லிவிட்டது. அது ஏதோ ஜாமீன் வழக்கு. மருத்துவ அறிக்கையை நீதிபதியால் படிக்க முடியவில்லை! நமக்குப் புரியாதபோது வராத கோபம் நீதிபதிக்குப் புரியாதபோது வந்தது, வந்தவரை நல்லது.

அமெரிக்காவில் 1995-ல், டெக்ஸாஸில், இதய நோயாளிக்கு ஐசோர்டில் என்று டாக்டர் எழுதியதைக் கடையில் பிளென்டில் என்று படித்துக் கொடுத்து அவர் இறந்துபோனார். 1999-ல் டாக்டரும் கடையும் சேர்ந்து 4,50,000 டாலர் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பானது. இன்சுலினில் இன்னொரு கூத்து. 10 என்று எழுதி, யூனிட் என்பதற்கு ஒற்றை எழுத்தைப் பக்கத்தில் போட்டால் அது பூஜ்யம் மாதிரித் தெரிந்து 100 ஆகிவிடும்.

நாங்கள் வாழைக்கு அடிக்கிற பூச்சிமருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத கூலியாள்கூட சிவப்பைப் பார்த்தால் கையை எடுத்துவிடுவான். பூச்சிக்குக் கொடுக்கிற விஷத்துக்கு இருக்கிற அக்கறை அம்மாவுக்குக் கொடுக்கிற மாத்திரைக்கு வேண்டாமா?

கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நீங்கள் சொல்வீர்கள். பாதிதான் சரியாகும். கம்ப்யூட்டரிலும் பக்கத்து வரியைத் தட்டிவிட்டால் தப்பு மருந்து அழகான எழுத்தில் வரும், அவ்வளவுதான். நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். ஒவ்வொரு மருந்துக்குப் பக்கத்திலும் அது எதற்கு என்று தமிழில் ஒரு வார்த்தை: மூட்டுவலிக்கு, சர்க்கரைக்கு, பிரஷருக்கு. வார மாத்திரை என்றால் "ஞாயிறு மட்டும்" என்று முழுசாக. இது இருந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும், நர்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்துத் தப்பும் இருக்கிறது. அன்றைக்குக் கடையில் பையை வாங்கிக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினவன் நான்தான். "தம்பி, எது எத்தனை வேளை, வாய்விட்டுச் சொல்லுப்பா" என்று ஒரு நிமிஷம் நின்று கேட்கவில்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டும் பழக்கம் முன்பு இருந்தது. இப்போது அதற்கும் டோக்கன் போடவேண்டுமோ என்று பயந்து விட்டுவிட்டோம்.

சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஊரில் இருக்கும் அம்மா அப்பாவின் சீட்டையும் மாத்திரை அட்டையையும் ஒரே போட்டோவில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று நீங்களே உட்கார்ந்து பாருங்கள். சந்தேகம் வந்தால் எழுதின டாக்டரிடமே கேளுங்கள்.

அம்மாவுக்கு இப்போது மாத்திரையை மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். காலண்டரில் எல்லா ஞாயிறையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை, "இன்னைக்கு ஞாயிறு இல்லையேப்பா?" என்று ரெண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் பிரஷர் மாத்திரையையே வாயில் போட்டார்.