மாத்திரை உண்டு, பரிசோதனை இல்லை

மருத்துவத் துறையின் பொறுப்பிலுள்ள உயர் அதிகாரி அவர்களுக்கு,

ஆரணி நெசவாளர் குடும்பங்கள் மனுவாகவும், குறைதீர்க் கூட்டங்களில் நேரிலும் தெரிவித்த குறை ஒன்றுக்குப் ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதைத் தவிர வேறு பதில் வராமையால், இம்மடல் ஊரறிய எழுதப்படுகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தாங்கள் அறிந்ததே. அதை இங்கு எடுத்தோத வேண்டியதில்லை.

அளவுகடந்த எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைய மனநோய்க்கு லித்தியம் கார்பனேட் தரப்படுகிறது. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுதிய கட்டுரையால் கவனம் பெற்ற இம்மருந்து, லிட்டர் சீரத்தில், அதாவது உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீரில், ஏறத்தாழ 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் நோயை அடக்கும், 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். வியர்வையிலோ வயிற்றுப்போக்கிலோ உப்பும் நீரும் குறையும்போது, சிறுநீரகம் சோடியத்தோடு லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்வதால், மாத்திரையின் எண்ணிக்கை மாறாமலே இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் இதையே செய்யும்.

இனி, ஆரணியில் பட்டு நெய்யும் ஒருவரின் அரசு மருத்துவமனைப் புறநோயாளிக் குறிப்பேட்டைப் பார்க்கலாம். பக்கத்துக்குப் பக்கம் தேதி முத்திரை, அதன் கீழே ‘லித்தியம் 300, தொடரவும்’. லித்தியம் அளவைக் குறிக்கும் எண் ஓரிடத்திலும் இல்லை. பாவு பிணைக்கையில் விரல் நடுங்குகிறது என்று அவர் சொன்னது நரம்புத் தளர்ச்சி என்று எழுதப்பட்டது. பகலெல்லாம் தறிக்குழியில் காலை வைத்து உட்காருபவருக்கு மூட்டுவலி வர, அதே குறிப்பேட்டில் டைக்ளோஃபினாக்கும் சேர்ந்தது. கத்திரி வெயிலில் வாந்தியும் தள்ளாட்டமும் கண்டபோது, மூச்சில் வாடை பார்த்து, குடித்திருக்கிறாரா என்று கேட்டார்கள். நினைவு தடுமாறி வேறு ஊருக்குத் தூக்கிச் செல்லப்பட்ட பிறகே அவருடைய லித்தியம் முதன்முறையாக அளக்கப்பட்டது. அது நஞ்சின் எல்லையைக் கடந்திருந்தது. மருந்தை மாதந்தவறாமல் கொடுத்த நிர்வாகத்தின் ஒழுங்கைப் பாராட்டத்தான் வேண்டும்.

சர்க்கரையைப் பாராமலே இன்சுலினை ஏற்றிக்கொண்டு போகும் மருத்துவமனை உண்டா? மனநோயாளி என்றால் மட்டும் ஏன் இந்த அலட்சியம்? லித்தியம் அளவை வேலூருக்குப் போய்த் தனியாரிடம் பார்த்துக்கொள்ளலாமே என்கிறார்கள். ஒருநாள் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணமும் பரிசோதனைக் கட்டணமும் கொடுப்பது யார் என்பதைச் சொல்வதில்லை.

கேட்பது பெரிதன்று. இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை வேளை மருந்துக்கு முன், ஆரணியிலேயே இரத்தம் எடுக்கப்பட வேண்டும். உறையாதிருக்க லித்தியம் ஹெப்பாரின் பூசிய குழாயில் எடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதை ஊழியருக்குச் சொல்லித்தர அரை மணி நேரம் போதும். மாதிரி ஆய்வகத்துக்குச் சென்று, அடுத்த சீட்டு எழுதப்படுவதற்கு முன் முடிவு மருத்துவரின் மேசைக்கு வர வேண்டும். அடுத்த கத்திரி தொடங்குமுன் அதற்கான ஆணையில் கையெழுத்திடுங்கள்.