தழை எருவும் துத்தநாகச் சத்தும்

நெல் நட்ட இரண்டு மூன்று வாரங்களில் இலைகளில் துருநிறப் புள்ளிகள் கண்டு, பயிர் திட்டுத்திட்டாகக் குன்றி நிற்குமானால், அது துத்தநாகக் குறைவென்று மிராசுதார்கள் பலரும் அறிவார்கள். வடநாட்டில் "கைரா" என வழங்கும் இந்நோய்க்குத் துத்தநாகக் குறைவே காரணமென்று பந்த்நகரில் 1966-ம் வருஷத்தில் கண்டறியப்பட்டது. கடையில் ஜிங்க் சல்பேட் வாங்கி இறைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்னும் எண்ணம் இப்போது பரவியிருக்கிறது. அவ்வெண்ணம் அரைகுறையானது.

நிலத்தில் துத்தநாகம் பெரும்பாலும் உண்டு. வேருக்கு எட்டாமற் கிடப்பதே குறை. சுண்ணாம்புப் பாங்கான நிலத்திலும், நீர் வடியாத வயலிலும், மணிச்சத்தை மிகுதியாக இட்ட இடத்திலும் அது முடங்கிவிடுகிறது. தழையும் எருவும் மக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்கள் அதைப் பற்றியெடுத்து, நீரிற் கரைந்தபடியே வேரண்டை சேர்க்கின்றன. ஆகையினாலேயே, ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் சிபாரிசு செய்யும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், ஏக்கருக்கு இரண்டரை டன் பசுந்தாள் மிதித்த வயலுக்கு 5 கிலோவே போதும் என்கிறது. தக்கைப்பூண்டு விதைக்க அவகாசமில்லை என்போர் இக்கணக்கைப் பார்ப்பதில்லை.

மக்காத வைக்கோலை நடவுக்கு முந்தின நாள் சேற்றில் அமிழ்த்துவது உதவாது. அது அழுகும்போது துத்தநாகம் பின்னும் அடைபடும். தழையை இரண்டு வாரம் முன்னரே மடக்கி உழுதல் வேண்டும். ஜிங்க் சல்பேட்டைச் சூப்பர் பாஸ்பேட்டுடன் கலவாமல், உலர்ந்த மணலிற் கலந்து தூவுவதே முறை.

எருவென்று பேர் கொண்டவை யாவும் ஒன்றல்ல. சாக்கடைக் கசடு, பட்டணக் குப்பை இவற்றில் காட்மியம் கலந்திருக்கக்கூடும். அது துத்தநாகத்தின் பங்காளி போன்றது. வேருக்குள் அதே வாசலால் நுழையும். நன்றாக மக்கிய எரு அதைப் பெருமளவு பிடித்துவைக்குமென்பது மெய்யே. ஆயினும் வயலில் ஒருமுறை சேர்ந்த காட்மியம் எளிதில் நீங்காது. ஜப்பானில் ஜின்ஸு நதிப் பாய்ச்சலில் சுரங்கக் கழிவின் காட்மியம் நெல்லில் ஏற, உண்டவர்கள் எலும்பு முறிந்து வருந்தினர். காரணம் அதுவேயென்று அவ்வரசாங்கம் 1968-ல் ஒப்புக்கொண்டது.

உரக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி, பட்டணக் குப்பை எருவில் கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராமுக்கும், ஈயம் 100 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது. ஆகவே லாரியில் மலிவாக வந்திறங்கும் குப்பைக்குப் பரிசோதனைச் சீட்டைக் கேளாமல் களத்தில் இடங்கொடுத்தல் தகாது. தனி மிராசுதார் கேட்டால் வியாபாரி மழுப்பக்கூடும். பஞ்சாயத்தாரும் கிராம நிர்வாக அதிகாரியும் சேர்ந்து கேட்டால் சீட்டு தானாக வரும்.