உங்கள் இணையத்தளம் எப்போது காலாவதியாகிறது?

கண்டி நகரிலுள்ள எந்த முதலாளியிடமும் கடை வாடகை எவ்வளவு, மின்சார பில் எப்போது வரும் என்று கேட்டுப்பாருங்கள். உடனே சொல்வார். அவரது கடையின் இணையத்தளப் பெயர் எங்கே பதியப்பட்டுள்ளது, எந்த மாதம் காலாவதியாகிறது என்று கேட்டால், "அது தம்பிமார் பார்க்கிற வேலை" என்பார். போலி மின்னஞ்சல்காரர்கள் பிழைப்பதே இந்தப் பதிலில்தான் என்பது எனது கருத்து.

அண்மையில் அக்குறணையில் வாசனைச் சரக்கு ஏற்றுமதி செய்யும் ஒருவர் அப்படியொரு மின்னஞ்சலைக் காட்டினார். உங்கள் இணையத்தளப் பெயரின் காலம் முடிகிறது, 24 மணித்தியாலத்துக்குள் பணம் செலுத்தாவிட்டால் தளமும் மின்னஞ்சலும் நின்றுவிடும், இங்கே அழுத்துங்கள் என்றிருந்தது. கேட்ட தொகை சிறியது. தந்திரமே அதில்தான் இருக்கிறது. 10,000 டொலர் கேட்டால் விடயம் முதலாளியிடம் போகும்; 30 டொலர் கேட்டால் கணக்குப்பிள்ளையே கட்டிவிடுவார். கட்டும்போது கொடுக்கிற கடனட்டை இலக்கமும் கடவுச்சொல்லும்தான் அவர்களுக்கு வேண்டும். மின்னஞ்சலின் கடவுச்சொல் கைமாறினால், நாளைக்கு அதே முகவரியிலிருந்து வெளிநாட்டுக் கொள்வனவாளருக்கு "எமது வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று கடிதம் போகும். மிளகு அவரிடம் போய்ச் சேரும், பணம் வேறு யாருக்கோ போகும்.

இது புதிய வித்தையுமல்ல. தபாலிலும் இதைச் செய்தார்கள். பெயர் காலாவதியாகிறது என்று பில் போன்ற கடிதங்களை அனுப்பி, வேறு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களைத் தன்பக்கம் இழுத்ததாக டொமைன் ரெஜிஸ்ட்ரி ஒஃப் அமெரிக்கா என்ற நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2003இல் நீதிமன்றம் சென்றது.

இன்னொரு வகையில் அழுத்துவதற்கு எதுவுமே இராது. வைரஸ் தடுப்பு மென்பொருளுக்காக 300, 400 டொலர் கழிக்கப்படுகிறது, வேண்டாமென்றால் இந்த இலக்கத்துக்கு அழையுங்கள் என்று மட்டும் இருக்கும். அழைத்தால் இனிமையாகப் பேசி, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளொன்றை இறக்கச் சொல்வார்கள். பிறகு கணினி அவர்கள் கையில்.

எழுத்துப் பிழையை வைத்துப் பிடிக்கலாம் என்று முன்பு சொல்வோம். 2016இல் பங்களாதேஷ் மத்திய வங்கியில் கைவைத்தவர்கள் இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டொலர், 'ஃபவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பிழையாக எழுதியதால் சந்தேகத்துக்குள்ளாகித் தடைப்பட்டது. இன்று செயற்கை நுண்ணறிவு அந்தப் பிழையையும் திருத்திக் கொடுத்துவிடும். ஆகவே முகவரியைப் பாருங்கள். அனுப்பியவர் பெயரை எவரும் விரும்பியபடி போடலாம். ஆங்கில ஆர், என் இரண்டையும் சேர்த்தெழுதினால் எம் போலத் தெரியும். கையடக்கத் தொலைபேசியின் சின்னத் திரையில் கண்ணுக்குப் பிடிபடாது.

இந்தத் துப்பறியும் வேலையைவிட, கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்குவது சுலபம். என்ன பெயர், எங்கே பதிவு, யார் பெயரில், காலாவதித் திகதி, கட்டணம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். எல்கே என்று முடியும் பெயர்களுக்கான பதிவேடு எல்கே டொமைன் பதிவகத்திடம் இருக்கிறது. தளத்தைச் செய்து தந்த தம்பியின் பெயரில் பதிவு இருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். அவர் கட்டாருக்குப் போன பிறகு தேடித் திரிய வேண்டிவரும். மின்னஞ்சல் வந்தால் அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள். திகதி பொருந்தினாலும் அதிலுள்ள இணைப்பை அழுத்தாமல், நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டச்சுச் செய்து உள்ளே போய்க் கட்டுங்கள்.

ஏற்கெனவே விபரங்களைக் கொடுத்துவிட்டவர்கள் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம். முதலில் வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்துங்கள். கடவுச்சொல்லை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். கொள்வனவாளர்களுக்கு மின்னஞ்சலில் அல்ல, தொலைபேசியில் சொல்லுங்கள்.