காதால் படிக்கலாமா?

புத்தகத்தைக் கண்ணால் படிப்போம். இப்போது காதால் படிக்கும் புத்தகமும் வந்துவிட்டது!

நல்ல குரல் உள்ள ஒருவர் கதையை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பார். அதைப் பதிவு செய்து விற்கிறார்கள். செல்போனைத் தட்டினால் போதும், கதை காதில் விழும். கல்கியின் "பொன்னியின் செல்வன்" கூட இப்படிக் கிடைக்கிறது.

இங்கிலாந்தில் 2024-ம் ஆண்டு ஒரு கணக்கு எடுத்தார்கள். 8 வயது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளிடம் கேட்டார்கள். "ஓய்வு நேரத்தில் படிக்கப் பிடிக்கும்" என்றவர்கள் 100-க்கு 35 பேர்தான். "கதையோ பேச்சோ, காதால் கேட்கப் பிடிக்கும்" என்றவர்கள் 42 பேர். படிப்பைக் கேட்பு முந்திவிட்டது!

இது நல்லதா, கெட்டதா?

கண் இழந்த சிப்பாய்கள்

பேசும் புத்தகம் இன்று நேற்று வந்தது அல்ல. முதல் உலகப் போரில் பல சிப்பாய்கள் கண்ணை இழந்தார்கள். வளர்ந்த பிறகு கண் போனால், விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்தைக் கற்பது கடினம். அவர்கள் என்ன செய்வார்கள்?

1935-ம் ஆண்டு நவம்பர் மாதம் இங்கிலாந்தில் ஒரு வழி பிறந்தது. புத்தகங்களை இசைத்தட்டில் பதிவு செய்து, கண் தெரியாதவர்களுக்கு அனுப்பினார்கள். தட்டின் ஒரு பக்கம் சுமார் 25 நிமிடம் ஓடும். ஒரு நாவலுக்கு 10 தட்டுகள் வேண்டும். அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கதை ஒன்றும் முதலில் வந்தவற்றில் இருந்தது. கொலைகாரன் யார் என்று தெரிய வேண்டுமா? தட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்!

கண் தெரியாதவர்களுக்குக் காதுதான் கண். அதில் பேச்சுக்கே இடம் இல்லை. கண் நன்றாக இருப்பவர் கேட்டால் புத்தி வளருமா, சோம்பல் வளருமா? சண்டை இதில்தான்.

பரீட்சை வைத்தார்கள்

அமெரிக்காவில் 2016-ம் ஆண்டு இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உலகப் போரில் தப்பிப் பிழைத்த ஒரு விமானப்படை வீரரின் உண்மைக் கதையை எடுத்துக்கொண்டார்கள். சிலர் அதைப் படித்தார்கள். சிலர் கேட்டார்கள். இன்னும் சிலர் படித்துக்கொண்டே கேட்டார்கள். முடிந்ததும் கேள்விகள் கேட்டார்கள். 2 வாரம் கழித்து மீண்டும் கேட்டார்கள். 3 கூட்டத்தாருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை!

ஆனால், அது கதை. பாடம் என்றால்?

2010-ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு வேறொரு சோதனை நடந்தது. ஒரே பாடக் கட்டுரையைச் சிலர் படித்தார்கள், சிலர் கேட்டார்கள். பரீட்சையில், கேட்டவர்கள் நிறைய மார்க் இழந்தார்கள். முதலில் "கேட்பதே சுகம்" என்று சொன்ன பலர், பரீட்சை முடிந்ததும் "படித்திருக்கலாமே!" என்றார்கள்.

ஏன் இப்படி? கண் செய்யும் வேலையைக் கவனியுங்கள். படிக்கும்போது கண் நேராக ஓடுவது இல்லை. 10 எட்டு வைத்தால், அதில் ஒரு எட்டாவது பின்னால் வைக்கிறது. புரியாத சொல்லிடம் போய் நிற்கிறது. இதை நாம் அறியாமலே செய்கிறோம். புத்தகம் நமக்காகக் காத்திருக்கும். குரல் காத்திருக்காது. நம் மனம் அடுப்பில் இருக்கும் பாலை நினைத்தாலும் அது போய்க்கொண்டே இருக்கும். மௌனமாகப் படிப்பது, வாய்விட்டுப் படிப்பது, கேட்பது இந்த மூன்றிலும் கேட்கும்போதுதான் மனம் அதிகமாக அலைகிறது என்று கனடாவில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2013-ல் சொன்னது.

டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். சுற்றி உள்ளவர்கள் கேட்பார்கள். "என்னப்பா அது? இன்னொரு தரம் படி" என்று ஒருவர் சொல்வார். படிப்பவர் நிறுத்துவார், திரும்பப் படிப்பார். செல்போனிலும் பின்னால் போக வழி உண்டு. ஆனால், கையில் மாவை வைத்துக்கொண்டு யார் அதைத் தொடுகிறார்கள்?

யார் கேட்கலாம்?

சமையல் செய்யும் அம்மா கேட்கட்டும். தறி ஓட்டுபவரும், பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறவரும் கேட்கட்டும். அந்த நேரத்தில் புத்தகம் படிக்க முடியாது. அதனால் அவர்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை, லாபம்தான்.

எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் விஷயம் வேறு. அவர் 7 வயதுப் பையனாக இருக்கலாம். 45 வயதில் கையெழுத்துப் போடக் கற்ற தாயாராகவும் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு வரியைப் படிக்கவே நேரம் ஆகும். காதால் கேட்டால் சுலபம். கதையும் புரியும். புதுச் சொற்களும் வரும். ஆனால், எழுத்து வராது. 'ந', 'ன' வித்தியாசத்தைக் காது கற்றுக் கொடுக்காது. கண் பார்த்துப் பார்த்துத்தான் அது பழக வேண்டும். பழகாவிட்டால், கற்ற எழுத்தும் மறந்து போகும்.

அதற்காகச் செல்போனைப் பிடுங்கி வைக்க வேண்டாம். கேட்கும் கதையின் புத்தகத்தையும் வாங்கி வையுங்கள். நூலகத்தில் கிடைத்தாலும் சரி. கதை சூடு பிடிக்கும் இடத்தில் குரலை நிறுத்திவிடுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று பிள்ளை குதிக்கும். அந்தப் பக்கத்தைப் புரட்டி, புத்தகத்தைக் கையில் கொடுங்கள்.